செவ்வாய்க்கிழமை மீன்காரன்

1954 ஜூலை 20, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணிக்கு என் அண்ணன் என்னிடம் மூன்று சங்கரா மீன் விற்றார். ஐந்து மணி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாலை வகுப்புக்கு எதிரே மரம் அறுத்து விற்ற மரவாடியின் கடிகாரத்தைப் பார்த்து அன்றைக்கே நோட்டில் குறித்திருக்கிறேன். மற்றவற்றில் நான் அவ்வளவு நிச்சயமாக இல்லை.

விற்றார் என்று சொல்வதே முழு உண்மையில்லை. நாங்கள் இருவரும் இரண்டு வருஷமாக ஆடிய நாடகம் அது.

எங்கள் ஊர் கனகசெட்டிக்குளம். அப்பா கடலோடு போனபோது எனக்கு ஆறு வயது, அண்ணன் இருசப்பனுக்குப் பதினேழு. அவர்தான் கட்டுமரம் ஏறி என்னைப் படிக்க வைத்தார். பதினேழு வயதில் எனக்குப் புதுச்சேரி நகரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அறை தேடினேன். முதல் வீட்டு அம்மாள் என் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "மீன்காரங்களுக்கு விடறதில்லப்பா, வாடை போகாது" என்று கதவைச் சாத்தினாள். இரண்டாவது வீடு தெய்வசிகாமணி என்ற குமாஸ்தாவினுடையது. அவர் கேட்பதற்கு முன்பே என் வாய் முந்திக்கொண்டது. கருவடிக்குப்பம், விவசாயக் குடும்பம், இரண்டு காணி நிலம் என்று சொன்னேன். அந்த இரண்டு காணி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதை அண்ணனிடம் சொன்னபோது அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார். "ரெண்டு காணியா? ஒரு நாலு காணியா சொல்லக் கூடாதா? சரி, உன்னைப் பாக்கணும்னா நான் எப்படி வர்றது? மீன்காரனாத்தான் வரணும்" என்றார்.

அப்படியே வந்தார். நான் பிரெஞ்சு படித்த மாலை வகுப்பு ஐந்தேகாலுக்குத் தொடங்கும். செவ்வாய்க்கிழமைதோறும் ஐந்து மணிக்கு அண்ணன் தலையில் கூடையோடு வாசலில் நிற்பார். எங்கள் பக்கத்தில் மீன் பிடிப்பது ஆண்கள், கூடை தூக்கி விற்பது பெண்கள். கூடை தூக்கிய ஆண் என்று ஊரில் அவரைக் கேலி செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நகரத்தில் யாருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அன்றும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் பாணியில், ஐயா என்பதற்கு 'மொசியே' என்றார்.

"மொசியே, சங்கரா பாருங்க. கண்ணைப் பாருங்க, உங்க கண்ணாட்டம் பளபளங்குது."

"போன வாரம் கொடுத்தது பழசு" என்றேன், எப்போதும்போல.

"நம்ம கையில பழசே வராதுங்க மொசியே. வயலு வேலைக்காரங்க உங்களுக்கு மீன் பாக்கத் தெரியுமா, என்னா?"

என்னோடு படித்த கண்ணையன் பக்கத்தில் நின்று சிரித்தான். "நல்லாக் கேட்டான் பாரு, குமாரவேலு" என்றான். அண்ணன் ஓலையில் மூன்று மீன்களைச் சுற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் இடது கையில் இல்லாத இரண்டு விரல்களின் மொண்ணை என் உள்ளங்கையில் பட்டது. சுறாத் தூண்டிலின் கயிறு அறுத்துக்கொண்டு போன விரல்கள். அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு. அவர் தெருவில் இறங்கினார், நான் உள்ளே போனேன்.

ஐந்தே முக்காலுக்கு வடக்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வாத்தியார் வகுப்பைக் கலைத்தார். இரண்டு மைல் தள்ளி, வடக்குச் சாலையில் இருந்த காவல் கொட்டகையில் குண்டு வெடித்தது என்று அன்றிரவே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காவலர் ஒருவருக்குக் கண் போயிற்று. ஐந்தரை மணி வாக்கில் ஓர் ஆள் மீன் கூடை ஒன்றைக் கொட்டகை ஓரம் இறக்கி வைத்துவிட்டுப் போனானாம்.

அந்த மாதங்களில் நகரம் யாரையும் நம்பவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போவார்களா, இருப்பார்களா என்று தெரியாது. இந்தியா எல்லையை அடைத்திருந்தது. நகரத்துக்குள் வருகிறவர்களின் பெயரைச் சாவடியில் போலீஸ் நோட்டில் பதிந்தது. இந்தியாவோடு இணைப்பு கேட்டவர்களை ஒரு பக்கத்தார் தேசபக்தர் என்றார்கள், மறுபக்கத்தார் பயங்கரவாதி என்றார்கள். நான் இரண்டையும் சொல்லாமல் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வகுப்பில் கண்ணையன் செய்தி கொண்டுவந்தான். "ஆளைப் புடிச்சிட்டாங்க. கனகசெட்டிக்குளத்து மீன்காரன். நேத்து மறுபடியும் ஊருக்குள்ள வந்திருக்கான், சாவடியிலயே அமுக்கிட்டாங்க. இடது கையில ரெண்டு விரல் இல்லியாம். குண்டு கட்டறப்பப் போயிருக்கும்."

"செவ்வாய்க்கிழமை இங்கே ஒருத்தன் வந்தானே" என்று ஆரம்பித்தேன்.

"எவன்?"

"மீன் விக்கிறவன்."

"அவனா? அவன் மூஞ்சியை எவன் பாத்தான்? எல்லா மீன்காரனும் ஒண்ணாட்டந்தான் இருக்கான்" என்று கண்ணையன் புத்தகத்தைத் திறந்தான். இரண்டு வருஷமாக வாரம் ஒருமுறை அவன் பார்த்துச் சிரித்த முகம் அது.

வீட்டில் தெய்வசிகாமணிக்கு இன்னும் விவரம் தெரிந்திருந்தது. அவர் வெற்றிலை போட்டபடி சொன்னார்: "சாவடி நோட்டுல அன்னைக்கு அந்த ஊர்லேருந்து வந்த ஒரே ஆம்பள இவன்தான். மீன் விக்க வந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கான். ஆனா அன்னைக்குக் காலையில அந்த ஊர் நாட்டார், அவனுங்க தலைவரு, செத்துப்போனாராம். சாவு விழுந்தா அவனுங்க கடலுக்குப் போக மாட்டானுங்களாமே. ஒரு கட்டுமரம்கூட எறங்கலையாம். அப்போ கூடையில இருந்தது என்னா தம்பி? திரும்பிப் போனதுக்கும் சாவடியில பதிவு இல்லை."

நான் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தேன்.

"வயல்ல பாடுபடற உங்களமாதிரி ஆளுங்க வேற. கடக்கரை ஆளுங்களுக்கு உயிருன்னா ஒரு பொருட்டே இல்லை" என்றார்.

அன்றிரவு நோட்டில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். ஊரில் சாவு என்றால் கடல் கிடையாது என்பது எனக்கும் தெரியும். அந்த வழக்கத்தை அண்ணன் மீற மாட்டார். அப்படியானால் அந்த மூன்று மீன்கள் எங்கிருந்து வந்தன? மீன்களுக்கு அடியில் என்ன இருந்தது? நான் கூடைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு வாசலை விட்டுப் போனவர் ஐந்தரைக்குக் காவல் கொட்டகையை அடைய முடியுமா? வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நானே நடந்து பார்த்தேன். வேகமாக நடந்தால் இருபத்தெட்டு நிமிஷம். கொட்டகை எரிந்த இடத்தில் நின்ற சொல்தா, பிரெஞ்சுச் சிப்பாய், என்னை முறைத்தான். திரும்பி நடந்தேன். அதே இருபத்தெட்டு நிமிஷம்தான்.

அவர் அதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும் என்று எழுதினேன். பிறகு 'தெரியும்' என்பதை அடித்துவிட்டு 'நம்புகிறேன்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.

சனிக்கிழமை காலை தெருவில், "கருவாடு, கருவாடேய்" என்று குரல் கேட்டது. அண்ணி அஞ்சம்மாள். இதற்குமுன் ஒருநாளும் அவர் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. தெய்வசிகாமணி கூடத்தில் இருந்தார். நான் படியிறங்கிப் போனேன்.

"ஐயாவுக்கு நெத்திலி வேணுமா, வாளை வேணுமா?" என்று அண்ணி சத்தமாகக் கேட்டார். பிறகு கூடை மேல் குனிந்து, வாய் அசையாமல் சொன்னார்: "நேத்து அஞ்சு நிமிசம் பாக்க வுட்டாங்க. மொகம் வீங்கிக் கெடக்குது. தம்பியை வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு. வந்தாலும், மீன் வாங்கினவன்னு மட்டும் சொல்லணுமாம்."

"அண்ணி, எங்கே இருந்தாருன்னு அவங்ககிட்ட சொல்லலையா?"

"அடிச்சாலும் வாயத் தொறக்கலையாம். சாவு எடுத்ததும் கூடையத் தூக்கிக்கினு கெளம்பினாரு. நான் வேணாம்னேன். செவ்வாக்கெழமை, அவன் வாசல்ல நின்னு பாப்பான்னாரு."

நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் மூன்று நாளாக வேறெதையும் நான் நினைக்கவில்லை. "அண்ணி, கூடையில என்ன இருந்துச்சு?"

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கருவாட்டு ஈக்களைக் கையால் ஓட்டினார்.

"அதை அவரையே போய்க் கேளேன். வாங்கறதுக்கு வந்த ஆளாட்டம் என்னைக் கேக்குற" என்றார். பிறகு கூடத்தில் இருந்தவருக்குக் கேட்கும்படி, "வாங்காதவங்க ஏன் ஐயா கூப்புடறீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார். தூக்கிவிட நான் கை கொடுக்கவில்லை. தெய்வசிகாமணி கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறைக்குள் நடந்தேன். கணக்குப் போட்டால் விடை தெளிவாக இருந்தது. அண்ணன் சொன்னதுதான் சரி. கருவடிக்குப்பத்து விவசாயி மகன், பிரெஞ்சு படிக்கிறவன், யாரென்று தெரியாத மீன்காரனுக்காகச் சாட்சி சொன்னால் போலீஸ் காது கொடுக்கும். கூடப்பிறந்தவன் சொன்னால் யார் கேட்பார்கள்? என் பொய் அவருக்கு உதவும் ஒரே சமயம் இது. அந்த எண்ணம் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதையும் கவனித்தேன். அதனால்தான் அதை நம்ப முடியவில்லை.

இருந்தும் திங்கட்கிழமை அந்தத் திட்டத்தோடுதான் போனேன். சொல்ல வேண்டிய ஏழு வாக்கியங்களைப் பிரெஞ்சில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கொமிசேர், அதாவது போலீஸ் அதிகாரி, வெள்ளைக்காரர், சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நம்மூர் எழுத்தர் ஒருவர். நான் முதல் வாக்கியத்தைத் தொடங்கியதும் கொமிசேரின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. உட்காரச் சொன்னார். அண்ணனைக் கூட்டிவந்து எதிரே நிறுத்தினார்கள்.

ஒரு கண் மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வணக்கம் மொசியே. மீன் நல்லா இருந்துச்சுங்களா?"

வாசலில் பேசுகிற அதே குரல். எழுத்தர்கூடச் சிரித்துவிட்டார். நானும் பதில் சொல்ல வேண்டும், நாடகம் அப்படி. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத்தர் பேனாவை எடுத்தார். "உம்ம பேரு?"

"குமாரவேல்."

"வயசு?"

"பத்தொம்பது."

"தகப்பன் பேரு?"

ஏழு வாக்கியங்களில் இதற்கு நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. இரண்டு காணி நிலத்தை ஒரு மூச்சில் உண்டாக்கியவன் ஒரு தகப்பனையும் உண்டாக்கியிருக்கலாம். ஏதாவது ஒரு பெயர் போதும். எதிரே அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார். வேண்டாம் என்று எனக்கு மட்டும் புரிகிற தலையாட்டல். எழுத்தர் முன்னால் அண்ணனின் வாக்குமூலம் விரித்திருந்தது. அதில் எங்கள் அப்பாவின் பெயர் ஏற்கெனவே இருந்தது.

"மண்ணாங்கட்டி" என்றேன். "கனகசெட்டிக்குளம் மண்ணாங்கட்டி. கடலோட போயிட்டாரு. இவரு என் கூடப்பொறந்த அண்ணன்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "கெட்டுது போ" என்றார்.

எழுத்தர் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் கொமிசேர் கைக்குட்டையை மடித்து வைத்தார். அவர் குரல் மாறியது. நான் இனி நின்றுகொண்டே பேசலாம் என்பது அவர் பார்வையில் தெரிந்தது, எழுந்து நின்றேன். ஏன் ஒரு தம்பி தன் அண்ணனிடம் தெருவில் நின்று மீன் வாங்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அறை தேடியது, இரண்டு காணி, செவ்வாய்க்கிழமைகள், எல்லாம். என் பிரெஞ்சு நடுவில் தீர்ந்துபோய் தமிழில் முடித்தேன். சொல்லும்போது அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

"அப்போ ஒனக்குத்தான் வெக்கம்னா, இவன் ஏன்யா வாயத் தொறக்கல?" என்று எழுத்தர் கேட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். "இன்னும் எதுக்கு மறைக்கிறே? அன்னைக்கு எங்கே போனே? சொல்லுண்ணா."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சாவு எடுத்தபிறகு கிளம்பியிருக்கிறார். ஊரில் மீன் இல்லை. மீன்காரன் கையில் மீன் இல்லாமல் வாசலில் நின்றால் பையன்கள் கேள்வி கேட்பார்கள். அதனால் வழியில் வைத்திக்குப்பத்துக் கரையில் மூன்றே மூன்று சங்கரா வாங்கி வெறுங்கூடையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் கொடுத்தபின் எங்கும் போகவில்லை. மரவாடியில் மரம் அறுக்கிற அம்மாவாசையோடு கட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"எதுக்கு?" என்றார் எழுத்தர்.

"எப்பவும் உக்காருவேங்க. அங்க இருந்தா கிளாசு சத்தம் கேக்கும். இவன் படிக்கிறது கேக்கும். புரியாது, கேக்கும். அன்னைக்கு வெடிச் சத்தம் கேட்டதும் பசங்களை அனுப்பிட்டாங்க. இவன் வூடு போயிச் சேர்ற வரிக்கும் பின்னாலயே போயிட்டு, கடக்கரையோட ஊருக்குத் திரும்பிட்டேன். மறுநாளு மனசு கேக்கல, பாக்க வந்தேன். புடிச்சிட்டாங்க."

இரண்டு வருஷம் செவ்வாய்க்கிழமைதோறும் அவர் ஐந்து நிமிஷத்துக்காகப் பத்து மைல் நடந்து வருகிறார் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவாசையை அன்று மாலையே அழைத்துவந்தார்கள். மரத்தூள் அப்பிய மனிதர், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் நடுங்கினார். அண்ணனைக் கண்டதும் பயம் போய்விட்டது. "இவனா? செவ்வாக்கெழமை ஆளாச்சே. எம் பொண்டாட்டி புள்ளைங்களவிட இவன் தம்பி கதைதான் எனக்கு நல்லாத் தெரியும். கூடையா? அந்தக் கூடையைக் கவுத்துப்போட்டு நான்தான் மேல உக்காந்திருந்தேன். சத்தம் கேட்டு எழுந்தப்ப ஓலை கிழிஞ்சிபோச்சு, அதுக்கு என்னைத் திட்டினானே." கிழிந்த கூடையை அண்ணி ஊரிலிருந்து எடுத்துவந்து காட்டினார். புதன்கிழமை அண்ணனை விட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குள் என் பெட்டியும் பாயும் தெருவுக்கு வந்திருந்தன. தெய்வசிகாமணி நேரே பேசவில்லை. உள்ளேயிருந்தே, "பொய் சொல்லிக் குடியிருந்தது யாரு? நானா?" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். வகுப்பில் யாரும் போகச் சொல்லவில்லை. என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது. இரண்டு வாரம் அச்சகத்திலேயே படுத்துக்கொண்டு பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். ஊருக்கே திரும்பினேன். அங்கிருந்து அச்சகத்துக்குத் தினமும் போய்வந்தேன்.

அண்ணன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஊர் வந்து சேர்ந்த அன்று ஒரே ஒரு வார்த்தைதான். "ரெண்டு வருசம் கோமாளி வேசம் கட்டினேன். ஒரு நிமிசத்துல அழிச்சிட்ட" என்றார். கோபமா, வருத்தமா, நான் எத்தனை முறை அந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தாலும் தெரியவில்லை.

நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் கதர்ச் சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் தெய்வசிகாமணி. கையில் ரோஜா மாலை. வாடை வீசும் வலைக்குப் பக்கத்தில் மூக்கைச் சுளிக்காமல் உட்கார்ந்தார்.

"இருசப்பன் அண்ணே, இனிமே பயமில்லை. நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய காரியம். தியாகிங்க பட்டியல்ல முதல் பேரா எழுதப்போறோம்."

"நான் என்னாங்க செஞ்சேன்?"

"காவல் கொட்டகை."

"அது நான் போடலீங்களே. அதுக்குத்தானே வுட்டாங்க."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அடக்கம்" என்றார் ஒருவர்.

"அடக்கம் இல்லீங்க. நான் போடல. அடிச்சப்பவும் அதான் சொன்னேன், மாலை கொண்டாந்தாலும் அதான் சொல்லுவேன். ஒருத்தருக்குக் கண்ணு போச்சு. அதை என் பேருல எழுதாதீங்க."

தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார். "தம்பி, நீயாவது சொல்லேன். குடும்பத்துக்கே பெருமை."

"அவரு போடலைங்க" என்றேன். என் வாழ்க்கையில் எந்தத் திருத்தமும் இல்லாமல் நான் சொன்ன வாக்கியம் அது.

அவர்கள் போனதும் அண்ணன் வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். கொஞ்சநேரம் அறுந்த கண்ணிகளைத் தேடினார்.

"அப்பவும் நான்தான் போட்டேன்னாங்க. இப்பவும் நான்தான் போட்டேன்றாங்க" என்றார். "நீ என்னா நெனைச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"வியாழன், வெள்ளி, சனி. நெனைச்சேண்ணா."

அவர் கை நின்றது. அடுப்பருகே அண்ணி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா?"

"ஞாயித்துக்கிழமையும் பாதி."

அவர் மூன்று விரல் இருந்த கையால் வலையின் மறுமுனையை என் பக்கம் தள்ளினார். "புடி" என்றார். "தளர வுடாதே." நான் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் இருக்கும்வரை அவர் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டே இருந்தார், நானும் கை மாற்றாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.